தீவகத்தின் சுகாதாரத் தேவையை மதிப்பிடுதல்

நெடுந்தீவில் எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்று விசாரித்தால் ஒரே நாளில் நான்கு விடை கிடைக்கும். குடிசன மதிப்பீட்டு அறிக்கையில் ஒரு தொகை இருக்கும். வாக்காளர் இடாப்பில் அதைவிடப் பெரிய தொகை இருக்கும். கிராம அலுவலரின் குடும்பப் பட்டியல் மூன்றாவது கணக்கைத் தரும். குடும்பநல உத்தியோகத்தரின் பதிவேடு நான்காவதைத் தரும். நான்கும் அவற்றின் நோக்கத்துக்குச் சரியானவைதான். ஆனால் நோய் வீதம், தடுப்பூசி பெற்றோர் வீதம், சிசு மரண வீதம் என எந்த வீதத்தைக் கணக்கிட்டாலும் அதன் அடியில் சனத்தொகை நிற்கிறது. அடித்தொகை பிழைத்தால் மேலே எழுதும் எல்லாம் பிழைக்கும். ஆகவே தீவகத்தில் தேவை மதிப்பீடு ஆட்களை எண்ணுவதிலிருந்து தொடங்குகிறது.

2012 குடிசன மதிப்பீட்டின்படி நெடுந்தீவில் ஏறத்தாழ 4,000 பேர், ஊர்காவற்றுறையைத் தலைமையிடமாகக் கொண்ட தீவகம் வடக்குப் பிரிவில் ஏறத்தாழ 10,000 பேர், வேலணையைத் தலைமையிடமாகக் கொண்ட தீவகம் தெற்குப் பிரிவில் ஏறத்தாழ 17,000 பேர் இருந்தனர். அனலைதீவும் எழுவைதீவும் வடக்குப் பிரிவைச் சேர்ந்தவை. புங்குடுதீவும் நயினாதீவும் மண்டைதீவும் தெற்கைச் சேர்ந்தவை. 1981க்குப் பின் வட மாகாணம் முழுவதிலும் நடந்த முதல் குடிசன மதிப்பீடு 2012இல்தான் நடந்தது. இடையிலான முப்பது ஆண்டுகளில் தீவகம் போரால் வெறுமையாகி, பின்பு ஓரளவே நிரம்பியது. 1990, 1991 இடப்பெயர்வில் போனவர்களில் பலர் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் கொழும்பிலும் தங்கிவிட்டனர். இன்னும் பலர் கனடாவிலும் சுவிற்சர்லாந்திலும் பிரான்சிலும் குடியேறினர். அவர்களது வீடும் காணியும் ஊரில் உள்ளன. சிலரது பெயர் பட்டியல்களிலும் உள்ளது. 2024இன் குடிசன மதிப்பீடு புதிய எண்களைத் தருகிறது என்றாலும், ஒரு கிராம அலுவலர் பிரிவுக்குள் இந்த மாதம் யார் இருக்கிறார் என்பதை அதுவும் சொல்லாது.

நடைமுறைக்கு உதவும் ஒரு வரையறை உண்டு: கடந்த முப்பது இரவுகளில் பாதிக்கு மேல் இந்தத் தீவில் தூங்கியவரே வதிவாளர். இந்த வரையறையோடு வீடு வீடாகப் போனால் பல விடயம் தெளிவாகும். காலைப் படகில் வந்து மாலைப் படகில் திரும்பும் ஆசிரியரும் எழுதுவினைஞரும் பகல் சனத்தொகையில் மட்டும் சேர்வர். உயர்தரம் படிக்க யாழ்ப்பாணத்தில் உறவினர் வீட்டில் தங்கும் பிள்ளை, பட்டியலில் இருந்தாலும் இரவில் இல்லை. மறுபக்கம், பருவத்துக்கு வந்து கரையில் வாடி அமைத்துத் தொழில் செய்யும் வெளியூர்க் கடற்றொழிலாளர் எந்தப் பட்டியலிலும் இல்லை. காய்ச்சல் வந்தால் அதே வைத்தியசாலைக்குத்தான் வருவர். நெடுந்தீவில் ஜே/1 முதல் ஜே/6 வரையான ஆறு பிரிவுகளே உள்ளன. குடும்பநல உத்தியோகத்தரும் கிராம அலுவலரும் சேர்ந்து இறங்கினால் அந்தத் தீவை எண்ணி முடிப்பது பெரிய வேலையன்று. எண்ணும்போதே நான்கு குறிப்புகளையும் எடுத்துக்கொள்ளலாம்: தனியே வாழும் முதியவர், படுக்கையில் இருப்பவர், கர்ப்பவதி, தொடர்ந்து மருந்து எடுப்பவர். மதிப்பீட்டின் பிற்பகுதி முழுவதும் இந்த நான்கு குறிப்புகளையே திரும்பத் திரும்பத் தேடி வரும்.

பதிவேடு எங்கே நிற்கிறது

இலங்கையின் பொதுச் சுகாதார அமைப்பு, 1926இல் களுத்துறையில் தொடங்கிய முதலாவது சுகாதார அலகின் வழிவந்தது. குறித்த எல்லையும் குறித்த சனத்தொகையும் கொண்ட ஒரு பிரதேசத்தை ஒரு சுகாதார வைத்திய அதிகாரியிடம் ஒப்படைப்பதே அதன் அடிப்படை. அவருக்குக் கீழே பொதுச் சுகாதாரத் தாதிய சகோதரி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர், குடும்பநல உத்தியோகத்தர் ஆகியோர் பணிபுரிவர். வேலணையிலும் ஊர்காவற்றுறையிலும் உள்ள பணிமனைகள் இந்த அமைப்பின் உறுப்புகள். அவற்றுக்கு மேல் யாழ். பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் பணிமனை இருக்கிறது. ஆகவே மதிப்பீட்டைத் தொடங்குபவர் வெறுங்கையோடு தொடங்க வேண்டியதில்லை. தகுதிவாய்ந்த குடும்பப் பதிவேடு, கர்ப்பவதிகளின் எச் 512 அட்டை, பிள்ளைகளின் வளர்ச்சிப் பதிவேடு, திரிபோஷா வழங்கல் பட்டியல், பாடசாலை மருத்துவப் பரிசோதனைக் குறிப்பு, தொற்றுநோய் அறிவிக்கும் எச் 544 படிவம், வாராந்த எச் 399 திரட்டு எல்லாம் ஏற்கெனவே பணிமனையில் உள்ளன.

இவை எல்லாம் நல்ல பதிவேடுகள். ஆனால் ஒவ்வொன்றும் ஒரு வாசலில் நின்று எண்ணுகிறது. வெளிநோயாளர் பிரிவின் வாசலில் நிற்பது அங்கே வந்தவரை எண்ணும். இறங்குதுறையைத் தாண்டிப் போனவரை யாழ். போதனா வைத்தியசாலையின் பதிவேடு எண்ணும். வீட்டிலேயே காய்ச்சலைக் கழித்தவர், பரியாரியிடம் போனவர், யாழ்ப்பாணத்துத் தனியார் மருந்தகத்தில் மருந்து வாங்கித் திரும்பியவர் யாரும் எதிலும் இல்லை. தீவகத்தில் மதிப்பீடு செய்பவர் மறக்கக்கூடாத செய்தி இது: பதிவேட்டில் தெரிவது படகேறிப் போன நோய், படகேற முடியாமல் போனதைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

பிறப்பு, இறப்புப் பதிவில் இந்த வழுக்கல் மிகத் தெளிவாகத் தெரியும். இலங்கையில் பிறப்பும் இறப்பும் நிகழ்ந்த இடத்தில் பதியப்படுகின்றன. பிரசவம் ஏறத்தாழ முழுவதும் வைத்தியசாலையில் நடக்கிறது. சிறிய தீவுகளின் கர்ப்பவதிகள் நாள் நெருங்குமுன் கடல் கடந்து யாழ்ப்பாணத்தில் உறவினர் வீட்டில் தங்கிப் பிரசவத்தை எதிர்பார்ப்பது வழக்கம். ஆகவே நெடுந்தீவுத் தாயின் குழந்தை யாழ்ப்பாணத்துப் பதிவாளரிடம் பதியப்படும். நெடுந்தீவு முதியவர் போதனா வைத்தியசாலையில் இறந்தால் அந்த இறப்பும் அங்கேதான் பதியப்படும். தீவின் பதிவாளரிடம் மட்டும் கேட்டால், பிள்ளையே பிறக்காத, வீட்டில் மட்டுமே இறக்கிற ஒரு விநோத ஊர் தோன்றும். இதைத் திருத்தக் குடும்பநல உத்தியோகத்தரின் பதிவேட்டை முதன்மை மூலமாகக் கொண்டு, வதிவிடத்தின்படி பிறப்பு இறப்புகளை மீள அடுக்க வேண்டும்.

வீட்டில் நிகழும் இறப்புகளின் காரணம் இன்னொரு சிக்கல். கிராம அலுவலரின் அறிக்கையோடு பதிவாகும் இறப்பில் காரணம் பெரும்பாலும் குடும்பத்தார் சொன்னதாகவே இருக்கும். ‘முதுமை’, ‘நெஞ்சுவலி’ என்ற சொற்களுக்குள் கட்டுப்படாத நீரிழிவும் பக்கவாதமும் மறைந்திருக்கலாம். கடந்த மூன்று ஆண்டுகளில் வீட்டில் இறந்தவர்களின் குடும்பங்களைச் சந்தித்து, இறுதி நோய் எப்படித் தொடங்கியது, எப்போது வைத்தியசாலை நினைவுக்கு வந்தது, ஏன் போகவில்லை அல்லது போக முடியவில்லை என்று கேட்டு எழுதும் வாய்மொழி விசாரணை, சிறிய தீவில் இரண்டு கிழமையில் முடியும் வேலை. துக்கம் ஆறாத வீட்டில் இதைக் கேட்பது எளிதன்று. குடும்பத்துக்கு அறிமுகமான குடும்பநல உத்தியோகத்தர் போவதே முறை. படிவத்தை மடியில் விரித்து வைத்துக் கேட்பதைவிட, பேசிவிட்டு வந்து எழுதுவது நல்லது.

சிறிய எண்கள் செய்யும் மாயம்

நாலாயிரம் பேர் உள்ள தீவில் ஆண்டுக்கு அறுபது குழந்தைகள் பிறப்பதாகக் கொள்வோம். அவற்றில் ஒன்று ஒரு வயதுக்குள் இறந்தால் சிசு மரண வீதம் ஆயிரத்துக்கு 16.7 ஆகிறது. அடுத்த ஆண்டு ஒன்றும் இறக்காவிட்டால் வீதம் பூச்சியம். முதல் ஆண்டின் எண்ணை வைத்துத் தீவில் அவலம் என்று எழுதுவதும், அடுத்த ஆண்டின் எண்ணை வைத்துச் சாதனை என்று எழுதுவதும் ஒரே தவறின் இரண்டு முகங்கள். சிறிய தீவுகளுக்கு ஐந்து ஆண்டுத் தொகையைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அல்லது நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு ஆகிய கடல் கடக்க வேண்டிய நான்கையும் ஒரு தொகுதியாக்கி, பாலத்தால் இணைந்த வேலணை, புங்குடுதீவுடன் ஒப்பிட வேண்டும். இரண்டாவது வழிக்குத் தனிப் பயன் உண்டு. தாம்போதி உள்ள தீவுக்கும் இல்லாத தீவுக்கும் இடையிலான வேறுபாடே பல கேள்விகளுக்கு விடை.

அரிதான நிகழ்வுகளுக்கு வீதம் எதற்கும் உதவாது. ஒரு தாய் மரணம், விசர்நாய்க்கடியால் ஓர் இறப்பு, பாம்பு கடித்து வழியில் ஓர் இறப்பு நேர்ந்தால் அந்த ஒன்றை மணிக்கணக்காகப் பிரித்து ஆராய்வதே முறை. யாழ். மாவட்டத்தில் 2024 டிசம்பரில் வெள்ளத்தின் பின் வடமராட்சிப் பக்கம் காய்ச்சலால் சிலர் அடுத்தடுத்து இறந்தபோது, காரணம் எலிக்காய்ச்சல் என்று விரைவில் தெரிந்ததற்கு ஒவ்வொரு நோயாளியையும் தனித்தனியே ஆராய்ந்ததும் இரத்த மாதிரிகளைப் பரிசோதித்ததுமே காரணம். வீதத்தைக் கணக்கிட்டுக் கொண்டிருந்தால் நாள் போயிருக்கும்.

கடலை அளத்தல்

தூரத்தைக் கிலோமீற்றரில் எழுதுவது தீவகத்தில் பொருளற்றது. யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம், வேலணை, வாணர் தாம்போதி, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறை வரை ஏறத்தாழ ஒரு மணி நேர பஸ் பயணம். அங்கிருந்து நயினாதீவுக்குப் படகில் கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம். அனலைதீவுக்கும் எழுவைதீவுக்கும் ஊர்காவற்றுறையில் படகேற வேண்டும். இவை நல்ல நாளின் கணக்கு. சோளகக் காற்று வீசும் மாதங்களிலும், மாரியில் தாழமுக்கம் உருவாகும் நாட்களிலும் ‘வடதாரகை’, ‘நெடுந்தாரகை’, ‘குமுதினி’ என்ற படகுகளெல்லாம் துறையில் கட்டியபடி கிடக்கும்.

ஆகவே ஒவ்வொரு தீவுக்கும் ஒரு பயண ஏடு வேண்டும். கடந்த ஓராண்டில் படகு ஓடாத நாட்கள் எத்தனை, அவை எந்த மாதங்களில் விழுந்தன என்பது அதன் முதற் பக்கம். இரண்டாம் பக்கம், இடமாற்றி அனுப்பப்பட்ட நோயாளி ஒவ்வொருவரின் நேரக் கணக்கு: வீட்டிலிருந்து தீவின் வைத்தியசாலை, அங்கே எடுத்த முடிவு, துறையில் காத்திருப்பு, கடல், மறுகரையில் காத்திருப்பு, தெரு, போதனா வைத்தியசாலையின் வாசல். இந்த ஏழு துண்டுகளில் நீளமானது கடல் என்று எல்லோரும் முன்கூட்டியே முடிவு கட்டிவிடுவர். எழுதிப் பார்த்தால் காத்திருப்புகள் கடலை முந்திவிடுவதும் உண்டு. காத்திருப்பைக் குறைக்கப் புதுப் படகு தேவையில்லை. இரவில் எடுக்கப்படும் ஒரு தொலைபேசி எண்ணும், கையொப்பத்துக்காக நிற்க வேண்டாத ஓர் ஏற்பாடும் போதும்.

இந்த ஏட்டுக்கான தகவல் ஓரிடத்தில் இராது. 1990 சுவசெரிய நோயாளர் காவுவண்டி 2018 முதல் வடக்கில் ஓடுகிறது. அதன் பதிவு தெருவோடு நின்றுவிடும். நோயாளர் காவுபடகின் பதிவு வைத்தியசாலையில் இருக்கும். கடற்படையின் விசைப்படகில் கொண்டு போகப்பட்டவர் அவர்களது குறிப்பில் இருப்பார். அயலவரின் மீன்பிடி வள்ளத்தில் போனவர் எதிலும் இரார். அந்தக் கடைசி வகையினரை அறியக் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தில் கேட்பதே வழி.

மின்சாரமும் இந்தப் பக்கத்தில்தான் வரும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் தேசிய மின்வலையிலிருந்து விலகி மின்பிறப்பாக்கியில் தங்கியிருந்தவை. சூரிய ஒளியும் காற்றும் சேர்ந்த மின் திட்டத்துக்கு இந்திய நன்கொடையுடன் 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. தடுப்பூசிக் குளிர்பெட்டியின் வெப்பநிலைக் குறிப்பைப் பார்த்து, மின் நின்ற மணித்தியாலங்களை ஏட்டில் சேர்க்க வேண்டும்.

கிணறும் வெறும் வீடும்

தாழ்ந்த சுண்ணக்கல் தீவில் நன்னீர், உவர்நீரின் மேல் மெல்லிய வில்லைபோல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பது மீற்றர் ஆழத்துக்கு அது இருக்கும் என்பது கோட்பாட்டுக் கணக்கு. மேலே ஓர் அடி இறைத்தால் கீழே நாற்பது அடி உவர் ஏறும் என்பது அதன் மறுபக்கம். மின் பம்பி வைத்து இறைத்த கிணறுகள் சவராவது இதனால்தான். வேலணையில் சாட்டிக் கிணறுகளும் நெடுந்தீவில் சாராப்பிட்டிக் கிணறுகளும் பெயர் பெற்றவை. அத்தகைய கிணறுகள் அபூர்வமாக இருப்பதே அந்தப் பெயருக்குக் காரணம். மற்ற இடங்களில் பௌசரும் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையமும் மழைநீர்த் தாங்கியும் கைகொடுக்கின்றன.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் செய்யும் கிணற்றுக் கணக்கெடுப்பில் மூன்று கேள்விகள் தவறக்கூடாது. குடிக்கும் நீர் எந்தக் கிணற்றிலிருந்து வருகிறது, சமையலுக்கும் குளிப்புக்கும் எது என்பது முதலாவது. ஒரு வீடு மூன்று வகை நீர் பாவிப்பது தீவில் சாதாரணம். ஒருவருக்கு ஒரு நாளில் எத்தனை லீற்றர் குடிநீர் கிடைக்கிறது, அதை வீட்டுக்குக் கொண்டுவருபவர் யார் என்பது இரண்டாவது. கொள்கலம் மூடியிருக்கிறதா, பௌசர் நீரில் குளோரின் மிஞ்சியிருக்கிறதா என்பது மூன்றாவது. லீற்றருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் வரை எஞ்சிய குளோரின் இருக்க வேண்டும். நிரப்பும் இடத்தில் இருப்பது கடைசி வீட்டில் இல்லாமற் போகலாம். மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் விதித்த தூரம் இருந்தாலும், வெடிப்புகள் நிறைந்த சுண்ணக்கல் அந்த விதியை மதிப்பதில்லை. யாழ்ப்பாணத்தில் நெருப்புக்காய்ச்சலும் வயிற்றுளைவும் நெடுங்காலம் நீங்காமல் இருந்ததில் இந்த நிலக் கட்டமைப்புக்குப் பங்கு உண்டு.

உவர்நீரில் நுளம்பு பெருகாது என்ற பழைய நம்பிக்கையையும் கைவிட வேண்டும். டெங்கைப் பரப்பும் ஈடிஸ் நுளம்புகள் கைவிடப்பட்ட கிணறுகளிலும் பழைய வள்ளங்களிலும் தேங்கும் உவர்நீரிலும் வளர்வதை யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் நடந்த ஆய்வு 2011இல் காட்டியது, யாழ். பல்கலைக்கழகத்தின் சின்னத்தம்பி சுரேந்திரன் அதில் முக்கிய பங்காற்றினார். மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டெபென்சி 2016இல் மன்னார்த் தீவில் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில்தான் இலங்கை மலேரியா அற்ற நாடாகச் சான்று பெற்றது. அந்த நுளம்புக்குக் கிணறு பிடித்தமான இடம்.

இங்கே வெறும் வீடுகள் வந்து நிற்கின்றன. பூட்டிய கேற்று, பற்றை மண்டிய வளவு, மூடியில்லாத கிணறு என உரிமையாளர் ரொறன்ரோவில் இருக்கும் வளவுகள் புங்குடுதீவில் ஒன்றிரண்டு அல்ல. நுளம்புக் கணக்கெடுப்பில் பூட்டிய வீட்டைப் ‘பார்க்கவில்லை’ என்று விட்டுவிடுவது வழமை. அப்படி விட்டால், குடும்பிகள் அதிகம் இருக்கக்கூடிய இடமே கணக்கிலிருந்து விழுந்துவிடும். பூட்டிய வளவுகளுக்குத் தனிப் படம் வரைந்து, ஒவ்வொன்றுக்கும் ஊரிலுள்ள பொறுப்பாளரின் பெயரை எழுதிவைப்பது பயன்தரும். புலம்பெயர்ந்தோரின் ஊர்ச் சங்கங்கள் பணம் திரட்டத் தயங்குவதில்லை. கட்டடத்துக்குக் கேட்பதுபோலக் கிணற்று மூடிக்கும் கேட்கலாம்.

கேட்பதும் யாரிடம் கேட்பதும்

பிரித்தானியச் சமூகவியலாளர் ஜொனதன் பிராட்ஷோ 1972இல் தேவையை நான்காக வகுத்தார்: நிபுணர் தீர்மானிக்கும் தேவை, மக்கள் உணரும் தேவை, உணர்ந்ததைக் கேட்டு வரும் தேவை, இன்னோர் இடத்தோடு ஒப்பிடும்போது தெரியும் தேவை. தீவகத்தில் இவை நான்கும் நான்கு திசையில் நிற்கும். நிபுணர் நீரிழிவையும் உயர் குருதி அமுக்கத்தையும் சொல்வார். இலங்கையின் இறப்புகளில் பத்தில் எட்டு தொற்றா நோய்களால் நேர்வதால் அவர் சொல்வதும் சரி. ஊர் மக்கள் முதலில் சொல்வது படகும் குடிதண்ணீரும் நிரந்தர வைத்தியரும். கேட்டு வருவது காய்ச்சல் மருந்தும் கிளினிக் கொப்பியில் அடுத்த திகதியும். மதுவும் வீட்டு வன்முறையும் மனச்சோர்வும் கூட்டத்தில் வாய்விட்டு வராது.

ஆகவே கூட்டம் ஒன்று போதாது. சனசமூக நிலையத்தில் பகலில் கூட்டினால் ஓய்வூதியரும் சங்கத் தலைவர்களும் வருவர், பேசுவதும் அவர்களே. கடற்றொழிலாளரைப் பிடிக்க வேண்டுமானால் வலை திருத்தும் வேளையில் கரைக்குப் போக வேண்டும். பெண்களிடம் கேட்க மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமும் அன்னையர் ஆதரவுக் குழுவும் உண்டு. சுகவனிதையர் கிளினிக்குக்கு வராத முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களை வீட்டில் சந்தித்து ஏன் வரவில்லை என்று கேட்பது அதைவிட அதிகம் சொல்லும். இறங்குதுறையில் படகுக்காகக் காத்திருக்கும் அரை மணி நேரம், கேள்வி கேட்க மிகச் சிறந்த இடம். வேறு வேலை இல்லாததால் எல்லோரும் பேசுவர். போரின் நினைவு பற்றிக் கேட்கக் கூடாது என்று யாரும் சொல்வதில்லை, ஆனால் கேள்விப் படிவத்தில் அதற்கு இடம் வைப்பவரும் குறைவு. ‘குமுதினி’யில் 1985 மே 15இல் நடந்த படுகொலையை வாழ்ந்து கடந்தவர்கள் நெடுந்தீவில் இன்றும் இருக்கிறார்கள். உறக்கமின்மைக்கு மருந்து கேட்டு வரும் முதியவரிடம் வேறு எதையும் கேட்காமல் அனுப்பிவிடுவது மதிப்பீட்டில் ஓர் ஓட்டை.

வந்து போகும் சனத்தொகையையும் தனியே எண்ண வேண்டும். ஆனி மாதத்தில் நயினாதீவு நாகபூசணி அம்மன் கோவில் திருவிழாவுக்கு வரும் கூட்டம் தீவின் மக்களைப் பலமடங்கு மிஞ்சும். நாகவிகாரைக்கு ஆண்டு முழுவதும் தெற்கிலிருந்து யாத்திரிகர் வருவர். கச்சதீவு அந்தோனியார் திருவிழா பெப்ரவரி, மார்ச்சில் இலங்கை, இந்தியா என இரண்டு கரையாரையும் கூட்டும். குடிநீர், தற்காலிக மலசலகூடம், உணவு கையாள்வோரின் பரிசோதனை, மயங்கி விழுபவருக்கான முதலுதவி ஆகியவற்றைத் திருவிழாவின் பெயரில் தனியாக எழுதவேண்டும்.

முன்னுரிமை

பட்டியல் நீளும், பணமும் ஆளும் நீளமாட்டா. வரிசைப்படுத்தப் பல முறைகள் உள்ளன. அவற்றில் எளியது, அமெரிக்கப் பொதுச் சுகாதார அறிஞர் ஜோன் ஹன்லன் வகுத்தது. பிரச்சினையின் பரப்புக்கு ஒரு புள்ளி, கடுமைக்கு ஒரு புள்ளி, தலையீட்டின் பயனுக்கு ஒரு புள்ளி, ஒவ்வொன்றும் பத்துக்குள். கடுமையை இரட்டித்துப் பரப்போடு கூட்டி, பயனால் பெருக்க வேண்டும். பின் அது பொருத்தமானதா, கட்டுப்படியாகுமா, மக்கள் ஏற்பார்களா, ஆளும் வளமும் உண்டா, சட்டம் இடம் கொடுக்குமா என்ற ஐந்து கேள்விகள். ஒன்றுக்கு இல்லை என்று விடை வந்தாலும் முழுப் புள்ளியும் பூச்சியமாகும்.

ஒரு கற்பனைத் தீவுக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மருந்து விட்டுப்போன உயர் குருதி அமுக்கமும் நீரிழிவும்: பரப்பு 8, கடுமை 7, பயன் 7, மொத்தம் 154. டெங்கு: 3, 6, 6, மொத்தம் 90. மது: 6, 7, 3, மொத்தம் 60. சவர்த் தண்ணீர்: 9, 5, 7, மொத்தம் 133. பாம்புக்கடி: 1, 10, 8, மொத்தம் 168. ஆண்டுக்கு ஓரிருவரைத் தீண்டும் பாம்பு முதலிடத்துக்கு வந்துவிடுகிறது. இந்த விடை தவறென்று தள்ளுவதற்கு முன், கடல் கொந்தளிக்கும் இரவை நினைத்துப் பார்க்க வேண்டும். ஆயினும் ஐந்து கேள்விகளில் நான்காவது இங்கே இடறும். இலங்கையில் பாவிக்கப்படும் இந்திய முறிமருந்து நாகம், விரியன் முதலான நான்கு வகைக்கு எதிரானது. அதை ஏற்றும்போது கடும் ஒவ்வாமை ஏற்படுவது அடிக்கடி நிகழும். அதைச் சமாளிக்க வைத்தியரும் அட்ரினலினும் பக்கத்தில் இருக்க வேண்டும். நிரந்தர வைத்தியர் இல்லாத தீவில் புள்ளி பூச்சியம். அந்தப் பூச்சியத்தைப் பார்த்துவிட்டு அடுத்த வரிக்குப் போவது கணக்கு. பூச்சியத்தை மாற்ற எது தேவை என்று கேட்பது திட்டம். இரவில் ஒரு வைத்தியர் தீவில் தங்குவதற்கான விடுதி என்பது அதன் விடையாக இருக்கலாம். அந்த விடுதி நெஞ்சுவலிக்கும் பிரசவ வலிக்கும் சேர்த்தே பயன்படும்.

ஹன்லன் முறையில் கடலுக்குப் புள்ளி இல்லை. தீவகத்தில் பாவிக்கும்போது கடுமைப் புள்ளியை இரண்டு முறை போட வேண்டும்: படகு ஓடும் நாளுக்கு ஒன்று, ஓடாத நாளுக்கு ஒன்று. இரண்டுக்கும் இடைவெளி பெரிதாக உள்ள பிரச்சினைகளுக்குத் தீவுக்குள்ளேயே தீர்வு வேண்டும். இடைவெளி இல்லாதவற்றை, உதாரணமாகக் கண்புரை சத்திரசிகிச்சையை, நாள் குறித்து யாழ்ப்பாணத்தில் செய்யலாம். புள்ளி போடுபவர்கள் ஒரே மேசையில் இருந்தாலும் முதலில் தனித்தனியே எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் சுகாதார வைத்திய அதிகாரி போட்ட புள்ளியையே எல்லோரும் போடுவர்.

ஜூலியன் ரியூடர் ஹார்ட் என்ற வேல்ஸ் நாட்டு வைத்தியர் 1971இல் எழுதிய ஒரு விதி இங்கே நினைவில் இருக்க வேண்டும்: தேவை அதிகமுள்ள இடத்தில் நல்ல மருத்துவம் குறைவாகக் கிடைக்கும். வெளிநோயாளர் தொகையை வைத்து மருந்தும் ஆளும் பங்கிட்டால் எழுவைதீவுக்கு எப்போதும் குறைவாகவே போகும். அங்கே தொகை குறைவதற்கு நோய் குறைவதே காரணம் என்று கொள்ள முடியாது.

பொறுப்பும் பருவமும்

தெரிவான ஒவ்வொரு முன்னுரிமைக்கும் எதிரே பொறுப்பான அலுவலகத்தின் பெயர் வேண்டும். கிளினிக்கும் தடுப்பூசியும் கணக்கெடுப்பும் சுகாதார வைத்திய அதிகாரியின் கையில் உள்ளவை. குடிநீர் விநியோகம், கழிவு, சந்தை, பொதுக் கிணறு ஆகியவை வேலணை, ஊர்காவற்றுறை, நெடுந்தீவு பிரதேச சபைகளுக்கும் நீர் வழங்கல் சபைக்கும் உரியவை. படகுச் சேவை வேறு திணைக்களங்களின் பொறுப்பு. சவர்த் தண்ணீருக்கு 133 புள்ளி கிடைத்தாலும் சுகாதாரப் பணிமனை அதைத் தீர்க்க முடியாது. கிணற்றுப் படத்தையும் வயிற்றுளைவுக் கணக்கையும் எழுத்தில் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவின் முன் வைக்கலாம்.

காலமும் திட்டத்தின் ஒரு பகுதி. தொடர் மருந்து எடுப்பவருக்குச் சோளகம் தொடங்குமுன் இரண்டு மாத மருந்தைக் கொடுத்துவிடுவது, புதுக் கட்டடத்தைவிட மலிவானது. பிரசவ நாள் கடும் காற்று மாதங்களில் விழும் கர்ப்பவதிகளின் பட்டியலைச் சித்திரையிலேயே எடுக்கலாம். மாரி மழை ஐப்பசியில் இறங்குமுன் கிணற்று மூடி, கூரைப் பீலி, வெறும் வளவுகள் ஆகியவற்றின் துப்புரவு முடிய வேண்டும்; யாழ். மாவட்டத்தில் டெங்கு உச்சம் தொடுவது மார்கழி, தை மாதங்களில். ஆட்களை எண்ணும் வேலைக்குத் தைப்பொங்கலின் பின் வரும் அமைதியான வாரங்கள் ஏற்றவை.

முடிவுகளை ஊருக்குத் திரும்பச் சொல்வதற்கு ஒரு தாள் போதும். குறிகட்டுவானிலும் ஊர்காவற்றுறையிலும் தீவுகளின் துறைகளிலும் உள்ள பயணிகள் கொட்டகைகளில் அதை ஒட்டலாம். அதில் மூன்று நிரல்கள் இருக்க வேண்டும்: இந்த ஆண்டு எடுத்தவை, எடுக்காதவை, எடுக்காததற்குக் காரணம். மூன்றாவது நிரலைப் படித்துவிட்டு ஊரவர் எழுப்பும் மறுப்புகளைப் பரிசோதகர் குறித்துக்கொள்வார். அடுத்த ஆண்டின் கேள்விப் படிவம் அந்தக் குறிப்பிலிருந்து எழுதப்படும்.